தோளில் வந்து உட்காரும் மைனா: விரட்டுவதா, வைத்துக்கொள்வதா?

செந்தூல் மாடிவீடு | 3 மார்ச் 2024, இரவு 9.40

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மைனா அப்பாவை விடமாட்டேன் என்கிறது. காலை ஏழேகாலுக்கு அவர் கீழே இறங்கினால் போதும், எங்கிருந்தோ பறந்து வந்து தோளில் உட்கார்ந்துகொள்கிறது. தலைமுடிக்குள் அலகை விட்டுக் கிளறுகிறது, காதைக் கொத்துகிறது. வேறு யார் கிட்டப் போனாலும் பறந்துவிடும். அம்மாவைக் கண்டால் மட்டும் கத்திக்கொண்டு பாய்கிறது. அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. ரொட்டி பிய்த்துப் போடுகிறார், கூண்டு வாங்கலாமா என்கிறார். அம்மா விரட்டு என்கிறார். காட்டுப் பறவை இப்படி ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளுமா? என்ன செய்வது?

கரிச்சான் | 3 மார்ச், இரவு 10.25

கூண்டும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அது எதற்காக வருகிறது என்பதை முதலில் பிடித்துவிடுங்கள். செய்ய வேண்டியது அதைப் பொறுத்து மாறும்.

இரைக்காக மட்டும் வரும் மைனா நேரம் தவறாது, தின்றதும் போய்விடும், ஒரு கஜம் தள்ளியே நிற்கும். தோளில் ஏறுவது அரிது. கூண்டிலிருந்து தப்பிய பறவை என்றால் வீட்டுக்குள் நுழையப் பார்க்கும், சீட்டியடிக்கும், சில நேரம் பேசவும் செய்யும். காலைப் பாருங்கள். மூட்டில்லாத முழு வளையம் கிடந்தால் குஞ்சிலேயே மாட்டியது, யாரோ வளர்த்த பறவை. வால் இறகின் நுனி நார்நாராகப் பிய்ந்திருந்தால் கூண்டுக் கம்பியில் உரசியிருக்கும். எல்லைக்காகச் சண்டை போடும் பறவையும் ஆளைத் தேடி வரும், ஆனால் பின்னாலிருந்து மண்டையில் அடித்துவிட்டுப் போகும், உட்கார்ந்து முடி கோதாது. கடைசியாக, கண் திறக்கும் முன்னரோ திறந்த புதிதிலோ மனிதர் எடுத்து ஊட்டி வளர்த்த குஞ்சு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்.

நான்கு கேள்விகள். தலை பளபளக்கும் கருப்பா, மங்கிய பழுப்பா? கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் உண்டா? இல்லாமல் நெற்றியில் சிறு கொண்டை நின்றால் அது ஜாவா மைனா. அப்பாவிடம் வரும்போது உடலைத் தாழ்த்திச் சிறகை நடுக்குகிறதா? மாலையில் எத்தனை மணிக்கு மறைகிறது?

பதில் வரும்வரை: ரொட்டியை இன்றோடு நிறுத்துங்கள். அது வயிற்றை அடைக்கும், புரதமும் சுண்ணாம்புச்சத்தும் தராது. அப்பா கண்ணாடி போடாமல் கீழே போக வேண்டாம். மைனா வகைகள் புல்லுக்குள் அலகைச் செருகி, அதை விரித்துப் பிளந்து பூச்சி தேடுபவை. கண், பல், கம்மல், மச்சம் என்று மின்னுவதையும் துருத்திக்கொண்டிருப்பதையும் அப்படித்தான் சோதிக்கும். சர்க்கரைக்காரருக்கு நகக்கீறல் லேசில் ஆறாது. பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

தண்ணீர்மலை | 4 மார்ச், காலை 6.50

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். கரிச்சான் சொன்ன நான்கையும் பிரித்துப் பார்க்க ஒரு வாரச் சோதனை போதும்.

முதல் மூன்று நாள் அப்பா அதே நேரத்தில், வெறுங்கையோடு, பையிலும் எதுவும் இல்லாமல் இறங்கட்டும். பறவை எத்தனை நிமிடம் இருக்கிறது என்று மேலிருந்து யாராவது பார்த்து எழுதுங்கள். நான்காம் நாள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் இரையோடு போகட்டும். ஐந்தாம் நாள் அப்பா பதினொரு மணிக்கு, கட்டடத்தின் பின்பக்கம் போகட்டும். வெறுங்கை என்றதும் இரண்டாம் நாளே வருகை தேய்ந்தால் அது இரைப் பழக்கம். சட்டைக்கு ஏமாறாமல், வேறு இடத்திலும் அப்பாவையே தேடிப் பிடித்தால் அது ஆளுக்கான பிடிப்பு.

சட்டைச் சோதனையை விட்டுவிடாதீர்கள். பாரிஸ் பூங்காப் புறாக்களிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சும்மா இருப்பார், மற்றவர் விரட்டுவார். பிறகு இருவரும் மேலங்கியை மாற்றிக்கொண்டார்கள். புறாக்கள் விரட்டியவரையே தவிர்த்தன.

பத்துமலை ரோடு | 4 மார்ச், பகல் 1.15

அப்படியானால் பத்துமலைப் புறாக்கள் ஏன் யாரிடமும் ஒட்டுவதில்லை? அங்கே போடாத தீனியா?

தண்ணீர்மலை | 4 மார்ச், பகல் 2.30

அங்கே நூறு கை போடுகிறது. எந்தக் கையையும் நினைவில் வைக்கத் தேவையில்லை, இடத்தை நினைவில் வைத்தால் போதும். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே மூலை என்று அமைந்தால்தான் பறவை ஆளைப் படிக்கத் தொடங்கும்.

கித்தாக்காடு | 5 மார்ச், இரவு 8.05

ஆளைப் படிப்பதில் காகத்துக்கு மிஞ்சியது இல்லை. நம் வீடுகளில் அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் சோறு வைக்கிற கை எது என்று அதற்குத் தெரியும். சமையல்கட்டு விளக்கு எரிந்ததும் சன்னல் கம்பியில் வந்து உட்காரும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு அமெரிக்கக் காகங்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார்கள். அதன்பின் அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் காகங்கள் கத்தித் துரத்தின. தொப்பி வைத்தும், முகமூடியைத் தலைகீழாக மாட்டியும் பார்த்தார்கள், அப்போதும் விடவில்லை. பிடிபடாத காகங்களும் பார்த்துக் கற்றுக்கொண்டு சேர்ந்துகொண்டன. பகையை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் காகக் குடும்பம் நட்பையும் வைத்திருக்கும்.

கோலாலம்பூரில் நாம் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணுக்கு வந்தேறி. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அதற்குக் குப்பைமேடும் ஒட்டுக்கடையும் போதும்.

சோறு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பிடிக்கு மேல் வைக்காதீர்கள். உப்பு, காரம், எண்ணெய் வேண்டாம். இலையிலோ தட்டிலோ வைத்து, கால்மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சோறு கிடந்தால் இரவில் எலி வரும், எலிக்கு யாராவது பசை அட்டை வைப்பார்கள், அதில் விடியற்காலையில் ஒட்டுவது மைனாவும் முராய் என்கிற குண்டுகரிச்சானும்தான்.

கரிச்சான் | 5 மார்ச், இரவு 9.10

அண்ணே, பசை அட்டை பற்றிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. ஒட்டிய பறவையை இழுக்கக்கூடாது, இறகோடு தோலும் வந்துவிடும். அட்டையில் வெறுமையாகக் கிடக்கும் பசைமீது முதலில் மாவைத் தூவி மூடுங்கள், துடித்து இன்னும் ஒட்டாமல் இருக்கும். தலைமீது மெல்லிய துணியைப் போடுங்கள். ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு விளிம்பிலிருந்து உள்ளே வேலை செய்து விடுவியுங்கள். எண்ணெயைக் கொட்டினால் உடல் முழுக்க நனைந்து குளிரில் செத்துவிடும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகாதீர்கள். விடுபட்டதும் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் பட்ட இறகைக் கழுவுவது அவர் வேலை.

செந்தூல் மாடிவீடு | 9 மார்ச், இரவு 10.00

சோதனை முடிந்தது. தலை மங்கிய பழுப்பு, அங்கங்கே கருப்பு முளைக்கிறது. கண்ணோரம் வெளிறிய மஞ்சள் தோல். வளையம் இல்லை. வெறுங்கையோடு போன மூன்று நாளும் வந்தது, முன்பைவிட அதிக நேரம் இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு, பதுங்கினாற்போல் உட்கார்ந்து, இரண்டு சிறகையும் நடுக்கியது. தம்பி அப்பாவின் சட்டையோடு போனபோது கூரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை. பின்பக்கம் பதினொரு மணிக்கும் கண்டுபிடித்து வந்துவிட்டது. மாலை ஏழு மணிக்குச் சாலையோர மரத்துக்குப் போகிறது, அங்கே கூட்டமாக அடையும் இடம்.

இன்னொன்று விசாரித்ததில் தெரிந்தது. மேல்மாடிப் பிள்ளைகள் டிசம்பரில் விழுந்த குஞ்சு ஒன்றைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். பள்ளி திறந்ததும் கீழே விட்டுவிட்டார்கள். அவர்களின் தாத்தா தினமும் அதற்கு ஊட்டியிருக்கிறார். அவரும் அப்பாவும் ஒரே உயரம், ஒரே நரை, ஒரே மூக்குக்கண்ணாடி.

கரிச்சான் | 9 மார்ச், இரவு 11.20

அதுதான் விடை. இது முதற்பதிவு. தன்னை ஊட்டிய உருவத்தைத் தன் இனம் என்று குஞ்சு எடுத்துக்கொண்டது.

1873-இல் டக்ளஸ் ஸ்பால்டிங் கோழிக்குஞ்சுகளில் இதைக் கவனித்து எழுதினார். 1930-களில் கொன்ராட் லோரன்ஸ் சாம்பல் வாத்துக்களில் விரிவாக ஆராய்ந்தார், அவருக்கு 1973-இல் நோபல் கிடைத்தது. வாத்து, கோழி போன்று பொரித்ததும் நடக்கும் குஞ்சுகளுக்கு இது முதல் ஓரிரு நாளிலேயே பதிந்துவிடும். மைனாக்குஞ்சு குருடாக, வெற்றுடலாகப் பொரிக்கும். கண் திறந்து இறகு முளைக்கும் நாட்களில் யார் ஊட்டுகிறார்களோ அவர்கள்தான் பதிவார்கள். பெற்றோரை அடையாளம் காண்பது ஒன்று, பெரிதானதும் யாரைத் துணையாகத் தேடுவது என்பது இன்னொன்று. முதலாவது தேயும், இரண்டாவது லேசில் தேயாது. லோரன்ஸ் கையால் வளர்த்த காகக் குடும்பப் பறவை ஒன்று பருவம் வந்ததும் அவருக்கே இரை ஊட்டப் பார்த்தது. வாயில் வாங்க மறுத்ததால் காதுக்குள் புழுவைத் திணித்தது. அப்பாவின் காது விஷயத்தில் நான் கறாராகச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

அம்மாவை விரட்டுவதும் இதில் அடங்கும். தன் ஆளின் பக்கத்தில் வேறு யாரும் நிற்கக்கூடாது என்பது அதன் கணக்கு.

நல்ல செய்தி, அது மாலையில் கூட்டத்தோடு அடைகிறது. தானாக அடையும் மரம் கண்டுபிடித்த பறவை பாதி வழி வந்துவிட்டது. மிச்சப் பாதிக்கு நம் கை குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

தண்ணீர்மலை | 10 மார்ச், காலை 7.10

வாயைப் பிளந்து சிறகை நடுக்குவதைப் பாசம் என்று அப்பா நினைப்பார். நினைக்கட்டும், பாதி உண்மைதான். ஆனால் அது இருபத்தைந்து நாள் குஞ்சு தாயிடம் செய்கிற சைகை. மைனா கூட்டைவிட்டு வெளியே வருவது பெரும்பாலும் 22 முதல் 24 நாளில். அதன்பின்னும் சுமார் மூன்று வாரம் தாய்தகப்பன் பின்னால் திரிந்து கேட்கும். அவை மெல்ல மெல்லக் கொடுக்காமல் விடும், குஞ்சு புல்லைக் கிளறக் கற்கும். உங்கள் பறவைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் யாரும் மறுத்ததில்லை. அந்த மறுப்பை அப்பா இப்போது செய்ய வேண்டும். கோபமாக இல்லை, ஒரு தாய் மைனா செய்வதுபோல, படிப்படியாக.

கரிச்சான் | 11 மார்ச், இரவு 9.30

படிகள். நாலு வாரக் கணக்கு, பறவையைப் பார்த்து நீட்டலாம்.

முதல் வாரம் கையிலிருந்து எதுவும் போகக்கூடாது. சில்வர் தட்டு ஒன்றை மதில்மேல் வைத்து, அப்பா ஒரு கை தூரத்தில் நிற்கட்டும். காலை ஒரு தேக்கரண்டி, மாலை ஐந்தரைக்கு ஒரு தேக்கரண்டி. பூனை பிஸ்கட்டை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து நொறுக்கினால் போதும். இது தற்காலிகத்துக்கு மட்டும். மைனா, இருவாச்சி போன்ற பறவைகளுக்கு ஈரலில் இரும்பு சேரும் நோய் எளிதில் வரும், பூனைத் தீனியில் இரும்பு அதிகம். கூடவே ஆரஞ்சு, எலுமிச்சை கொடுத்தால் உடல் இன்னும் அதிகமாக இரும்பை இழுக்கும். பழம் என்றால் பப்பாளி போதும்.

பறவைக் கடையில் முராய்க்கென்று விற்கும் செங்கெரிக் (சிள்வண்டு) ஐந்தாறு வாங்கி, உயிரோடு புல்லில் விடுங்கள். தட்டில் வைக்காதீர்கள். அது ஓடும், இது துரத்தும். அந்தத் துரத்தல்தான் பாடம். அடுக்குமாடியில் புல் வெட்டுகிற நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு அன்று காலை ஒன்றும் போடாதீர்கள். இயந்திரத்துக்குப் பின்னால் மற்ற மைனாக்கள் வரிசை கட்டும், இதுவும் பசியோடு போய்ச் சேரும். ஒரு நாள் கூட்டத்தோடு மேய்வதற்கு நாம் ஒரு வாரம் போடும் இரை ஈடாகாது.

இரண்டாம் வாரம் தட்டு மூன்று மீட்டர், பிறகு ஆறு மீட்டர். தினம் ஒரு வேளை, நேரத்தை மாற்றி. வைத்ததும் அப்பா நகர்ந்துவிட வேண்டும். மூன்றாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். நான்காம் வாரம் தட்டே இல்லை.

தோளில் இறங்கினால் தட்டிவிடாதீர்கள், உதறாதீர்கள். இறங்கிய தோளை மெல்லச் சாய்த்தால் நிற்க இடம் போதாமல் அதுவே விலகும். சிறந்த வழி குடை. விரித்த குடைக்குக் கீழே நடப்பவர்மீது மைனாவுக்கு இறங்கத் தெரியாது. தொப்பி உதவாது, தொப்பிமேல் உட்காரும். பேச்சுக் கொடுக்க வேண்டாம், சீட்டியடிக்கவே வேண்டாம்.

இது கெடுவது பெரும்பாலும் ஒரே வழியில்: வீட்டில் இன்னொருவர் பாவம் பார்த்து இரகசியமாகப் போடுவார். தினமும் கிடைத்ததைவிட எப்போதாவது கிடைப்பது கெஞ்சலை இன்னும் வலுவாக்கும். ஆகவே மேல்மாடித் தாத்தாவையும் கூட்டி உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

நிறுத்த வேண்டிய அறிகுறி: வெயில் நேரத்தில் உடலை உப்பவைத்து, கண் சொக்கி, பறக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால் பசியோ நோயோ. உடனே முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

பிடித்து வேறு இடத்தில் விடலாம் என்று யாராவது சொல்வார்கள். தித்திவங்சா ஏரிப் பூங்காவிலோ கெப்போங் காட்டோரத்திலோ கொண்டுபோய் விட்டால் அடையும் மரம் தெரியாது, மேயும் புல் தெரியாது, அங்குள்ள மைனாக்கள் அடிக்கும். நேராக அடுத்த நரைத்த தலையைத் தேடிப் போகும், அந்தத் தலை எப்படிப்பட்டவருடையதோ.

பத்துமலை ரோடு | 17 மார்ச், மாலை 6.20

எங்கள் ஏர்கோன் துளையிலிருந்து ஒரு மைனாக்குஞ்சு விழுந்துவிட்டது. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதால் தொடவில்லை. பால்சோறு ஊட்டலாமா? இந்த இழையைப் படித்தபின் வளர்க்கவும் பயமாக இருக்கிறது.

தண்ணீர்மலை | 17 மார்ச், மாலை 6.35

தொடுங்கள், உடனே. வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது பொய். வளர்க்க நினைக்குமுன் திருப்பி வையுங்கள்.

இறகு மூடியிருந்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகும் குஞ்சு, விழவில்லை, இறங்கியிருக்கிறது. பூனை எட்டாத புதரிலோ மதில்மேலோ வைத்துவிட்டு நகருங்கள். சிவப்புத் தோலாகவோ, இறகு முள்போல் முளைவிடும் முள்முளையாகவோ இருந்தால் கூட்டுக்குஞ்சு, வந்த துளையிலேயே வையுங்கள். எட்டவில்லை என்றால் ஒரு சிறு மரப்பெட்டியோ, பக்கத்தில் தாய் மைனா நுழையும் அளவுக்குத் துளை போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, அடியில் தண்ணீர் வடிய நாலு ஓட்டை போட்டு, காய்ந்த புல் பரப்பி, துளைக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள். திறந்த கூடை வேண்டாம். மைனா பொந்துக்குள் குஞ்சு வளர்க்கிற பறவை, கூடையில் வைத்தால் காகம் தூக்கிவிடும். வீட்டுக்குள் போய்த் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு மணி நேரம் பாருங்கள்.

இருட்டும் நேரமாகிவிட்டதால் இன்று உள்ளே வைத்துக் காலையில் வெளிச்சம் வந்ததும் வைக்கலாம். சிறு கிண்ணத்தில் டிஷ்யூவைச் சுருட்டிக் கூடுபோல் குழித்து அதில் உட்காரவையுங்கள். தட்டையான செய்தித்தாளில் விட்டால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து ஊனமாகும். வெற்றுடல் என்றால் 33 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், முள்முளைக்கு 30 போதும். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு மிஞ்சினால் மறுபாதிக்கு நகரட்டும். இரவில் ஊட்ட வேண்டியதில்லை.

பால் கூடவே கூடாது, பறவைக் குடலுக்குப் பால்சர்க்கரை செரிக்காது. வாயில் தண்ணீர் சொட்டக்கூடாது. நாக்கின் வேருக்குப் பின்னால் மூச்சுத்துளை திறந்தே இருக்கும், ஒரு சொட்டு தவறினால் நுரையீரலுக்குப் போகும்.

பத்துமலை ரோடு | 18 மார்ச், காலை 9.50

முள்முளைக் குஞ்சு. ஏழரைக்குத் துளையில் வைத்தோம். எட்டேகாலுக்குத் தாய் வெட்டுக்கிளியோடு உள்ளே போனது!

தண்ணீர்மலை | 18 மார்ச், காலை 10.05

அருமை. இனி இரண்டு வாரம் அந்த ஏர்கோன் வேலை எதுவும் வைக்காதீர்கள். எல்லாக் குஞ்சும் பறந்தபின் கூட்டை எடுத்துவிட்டு, துளையை ஒரு சென்டிமீட்டர் கம்பிவலையால் அடையுங்கள். காலிக் கூட்டை விட்டுவைத்தால் அதிலுள்ள பறவைச் சிற்றுண்ணிகள் பசியில் வீட்டுக்குள் இறங்கி ஆட்களைக் கடிக்கும். எச்சம் காய்ந்திருந்தால் பெருக்காதீர்கள். முகக்கவசம் போட்டு, ஈரமாக்கி, பிறகு துடையுங்கள்.

தாய் வராமல் போயிருந்தால் என்ன செய்வது என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். முதலில் மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்ல வேண்டும், தலைமையகம் செராஸில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 716, தீபகற்பத்துக்கும் கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் பொருந்தும். முராய், இருவாச்சி, பொன்மைனா எதையும் உரிமமின்றி வீட்டில் வைக்க முடியாது. ஒப்படைக்கும்வரை ஊட்ட நேர்ந்தால்: ஊறிய பூனை பிஸ்கட்டைப் பட்டாணி அளவு, மழுங்கிய குச்சி நுனியில். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிக்கொள்ளலாம், சாத்தே குச்சி என்றால் கூர்முனையை வெட்டிவிடுங்கள். முள்முளைக்கு அரைமணிக்கு ஒருமுறை, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. தானாக வாய் பிளந்தால் மட்டும். ஊட்டியதும் வாலைத் தூக்கி, மெல்லிய சவ்வு மூடிய வெள்ளை எச்ச உருண்டை ஒன்றைத் தள்ளும், முழுசாகக் கையில் எடுக்கலாம். சவ்வு இல்லாமல் தண்ணீராகப் போனால் மருத்துவரிடம் ஓட வேண்டும். பேச்சு வேண்டாம், பெட்டியைத் துணியால் மூடி வைத்து, ஊட்டும்போது முகம் தெரியாமல் ஊட்டுங்கள். செந்தூல் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருப்பது, மேல்மாடியில் இந்தக் கடைசி வரியை யாரும் செய்யாததால்.

கித்தாக்காடு | 18 மார்ச், இரவு 8.40

வீட்டுக்குள் பறவை வைக்கிறவர்கள் மின்விசிறியை மறக்காதீர்கள். பாதி விபத்து அதில்தான். ஒட்டாத சட்டியை அடுப்பில் காயவிட்டால் வரும் புகையும் பறவையைக் கொல்லும், நமக்கு மூக்கில் ஏறாத அளவே அதற்குப் போதும். மூடாத வாளித் தண்ணீர் இன்னொரு எமன்.

செந்தூல் மாடிவீடு | 31 மார்ச், இரவு 9.15

மூன்றாம் வாரம். புல் வெட்டிய அன்று கூட்டத்தோடு மேய்ந்தது! தோளில் இறங்குவது குறைந்துவிட்டது, குடைதான் காரணம். ஆனால் தட்டில்லாத நாளில் காரின் பக்கக் கண்ணாடியில் உட்கார்ந்து கத்துகிறது. அப்பா மனசு கேட்காமல் தவிக்கிறார்.

கரிச்சான் | 31 மார்ச், இரவு 9.50

கத்தட்டும். கேட்டுப் பார்த்து, கிடைக்காமல், புல்லுக்குப் போவதுதான் நாம் எதிர்பார்ப்பது. இந்த வாரம் விட்டுக்கொடுத்தால், இத்தனை நேரம் கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இரட்டிப்பாகக் கத்தும். அப்பா அந்த நேரம் வேறு வழியாக நடைக்குப் போகலாம். தவிப்பு அவருக்கு உண்மையானது, அதைக் கேலி செய்யாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் | 6 ஏப்ரல், காலை 8.30

எங்கள் வீட்டு முராய் தினமும் என் காருக்கே வந்து கண்ணாடியில் உட்கார்ந்து பாடுகிறது, இறக்கையால் அடிக்கிறது. வேறு யார் காருக்கும் போவதில்லை. இதுவும் இந்த வகைப் பிடிப்புதானே?

கரிச்சான் | 6 ஏப்ரல், காலை 9.00

இல்லை. அது ஆண் குண்டுகரிச்சான். கண்ணாடியில் தெரியும் ஆணோடு சண்டை போடுகிறது. உங்கள் கார் அதன் எல்லைக்குள் நிற்கிறது, அவ்வளவுதான். நிறுத்தியதும் பக்கக் கண்ணாடிகளை மடக்குங்கள், அல்லது பழைய காலுறையை மாட்டுங்கள். விட்டால் அலகும் சிறகும் புண்ணாகும், குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரமும் போகும். இனப்பெருக்கம் முடிந்ததும் தணியும்.

தண்ணீர்மலை | 6 ஏப்ரல், காலை 10.40

இருவாச்சி சன்னலைத் தட்டினாலும் இதேதான். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகும். வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் பூசுங்கள், அல்லது துணி தொங்கவிடுங்கள்.

பங்கோர் தீவின் தெலுக் நிப்பா கடற்கரையில் இருவாச்சிகள் கையிலிருந்து பழம் வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்து மாடத்தில் பழம் வைப்பவர்கள் உண்டு. பெண் பொந்துக்குள் தன்னை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொண்டு, ஆண் ஒரு கீறல் வழியே ஊட்டும் காலத்தில், வெளியே இருக்கும் அந்த ஓர் ஆணை நம்பித்தான் உள்ளே உயிர்கள். மாடத்தில் அது ரொட்டியும் கெரோப்போக் வறுவலும் பழகினால் உள்ளே போவதும் அதுவாகத்தான் இருக்கும். அத்திமரம் ஒன்றை வெட்டாமல் காப்பாற்றுங்கள், அது போதும்.

செந்தூல் மாடிவீடு | 28 ஏப்ரல், இரவு 9.05

தட்டு நின்று இரண்டு வாரம் ஆகிறது. தலை முழுக்கக் கருப்பாகி மின்னுகிறது. நாலைந்து மைனாக்களோடு புல்லில் திரிகிறது. காலையில் மட்டும் அப்பா இருக்கும் பக்கம் வந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கம்பியில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். அம்மாவைப் பார்த்துப் பாய்வதில்லை. இரை போடாமல் அதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

கரிச்சான் | 28 ஏப்ரல், இரவு 9.45

அடுத்த இனப்பெருக்கக் காலத்தில் மறுபடி அப்பாவைச் சுற்றக்கூடும். அப்போதும் குடைதான், தட்டு வேண்டாம்.

தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். இரை ஓர் ஆளோடு கட்டிப்போடும், குளிக்கிற தண்ணீர் அப்படிக் கட்டாது. எல்லா மைனாவும் வரும், அதனால் இதுவும் கூட்டத்தில் ஒன்றாகத்தான் வரும். நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அகலமான மண்தட்டு ஒன்று வாங்குங்கள், பூந்தொட்டிக்கு அடியில் வைப்பார்களே அதுதான். ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் சொரசொரப்பான ஒரு கல். புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள், பூனை பதுங்கிப் பாய இடம் இருக்கக்கூடாது. தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்ற வேண்டும். வாரம் இருமுறை தட்டின் உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.